உறையுளும் ஊரொற்றுமையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவையும் உடையையும் ஒருவர் தனித்து நின்று ஈயலாம். உறையுளோ அத்தகையதன்று. நிலம், பணம், தொழில்வன்மை, உடலுழைப்பு ஆகிய நான்கும் ஒருங்கு கூடியவிடத்தே வீடு எழும். ஒன்று குறையினும் சுவர் பாதியில் நின்றுவிடும். வறிய குடும்பமொன்றிடம் இந்நான்கும் ஒருசேர அமைதல் அரிது. ஓர் ஊரிடம் அமைதல் கூடும். ஆதலின், வீடின்மையை நீக்குவதில் ஊருக்குள்ள பங்கினை நம் நாட்டு அனுபவங்கொண்டு ஆராய்வாம்.

பனையோலையாலும் கிடுகாலும் கூரை வேய்ந்த காலத்தில், யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அயலவர் கூடி வேய்ந்து கொடுப்பது வழக்கம். வீட்டுக்காரர் உணவளிப்பர், பின்னர்த் தாமும் பிறர் வீட்டுக்குச் செல்வர். கல்வீடு பெருகியபொழுது சீமெந்துக்கும் மேசனுக்கும் காசு வேண்டியதாயிற்று; வீடு அவரவர் தனிச்சுமையாயிற்று. எனினும், பழைய ஒத்துழைப்பு உறவெல்லைக்கும் சாதியெல்லைக்கும் உட்பட்டே பெரும்பாலும் நின்றது என்பதை மறத்தலாகாது. நாம் மீட்கவேண்டியது அக்கூட்டுழைப்பை, அவ்வெல்லைகளை அன்று.

அரசினரும் காலப்போக்கில் இவ்வுண்மையை உணர்ந்தனர். 1978இல் தொடங்கிய இலட்சம் வீட்டுத் திட்டத்தில் வீடுகளைக் கட்டுவிப்பதில் அரசே முன்னின்றது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்திலோ மக்களே கட்டுநராயினர். அரசு சிறு கடனும் ஆலோசனையும் அளித்துத் துணைநின்றது. நகரத்துக் குடியிருப்புகளில் மக்கள் சபைகள் அமைந்தன. நீர்க்குழாய், வடிகால் முதலிய வேலைகளை வெளி ஒப்பந்தகாரரிடம் விடாது, அக்குடியிருப்பு மக்களிடமே ஒப்படைக்கும் முறையும் அக்காலத்திலே தோன்றிற்று. வீடற்றோருக்கு உறையுள் அளிக்கும் சர்வதேச ஆண்டாக 1987ஐ ஐக்கிய நாடுகள் சபை அனுட்டித்ததும், 1980இல் இலங்கை முன்வைத்த பிரேரணையின் பயனேயாம்.

2009இல் போர் முடிவுற்றபின் வடக்கிலும் கிழக்கிலும் இம்முறை மீண்டும் கையாளப்பட்டது. 2010இல் இந்திய அரசு அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் இவ்விரு மாகாணங்களுக்குரியன. அவற்றுட் பெரும்பாலானவற்றில், வீடொன்றுக்கு 5,50,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட, குடும்பத்தினரே முன்னின்று கட்டினர். தம் விருப்பப்படி அமைத்த வீடென்னும் நிறைவு பலர்க்குக் கிட்டிற்று. ஆயின், கணவனை இழந்த பெண்டிரும் முதியோரும் உடற்குறையுடையோரும் ஒவ்வொரு வேலைக்கும் கூலி கொடுக்கவேண்டியவராயினர். பணம் போதாது நகையை அடகு வைத்தோரும் கடன்பட்டோரும் உளர். ஒரே தொகை எல்லார்க்கும் வழங்கப்படினும், கைகள் குறைந்த வீட்டுக்கு அது சிறிய தொகையே. இக்குறையைத் திறைசேரி அறியாது, அயலவரே அறிவர்.

ஆதலின், ஊரவர் செய்யத்தக்கன சில உள. முதலாவது, வீடற்றார் யார் என்பதோடு, யாது குறைவினால் வீடற்றார் என்பதையும் அறிதல் வேண்டும். காணியில்லார்க்குக் கொடைப்பணமும் பயன்படாது. ஆதலின் அவர் தேவையே முற்பட நோக்கற்பாலது. தரிசாய்க் கிடக்கும் காணியுடையோரும் கோயில் அறங்காவலரும் இதனைச் சிந்தித்தல் நன்று. இரண்டாவது, சீமெந்து, மணல், ஓடு முதலியவற்றைக் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக ஒருங்கு வாங்கின் விலையும் ஏற்றுகூலியும் குறையும். மூன்றாவது, அத்திவாரம் வெட்டுதல், கல் சுமத்தல் போன்ற வேலைகளைச் சிரமதானமாகச் செய்து, உழைப்பார் இல்லாத வீட்டை முதலில் முடித்தல் வேண்டும். நான்காவது, கணக்கு யாவரும் காண வைக்கப்படல் வேண்டும். ஐயம் புகுந்தவிடத்தில் ஒற்றுமை நில்லாது.

மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. உறுதியையும் விண்ணப்பப் படிவத்தையும் வாசித்து விளக்க ஒருவர் இன்மையால் உதவியை இழந்த குடும்பங்கள் பல. கற்ற கல்வி அவர்தம் திண்ணைக்குச் செல்லுமாயின், அதுவும் அவ்வீட்டுக்கு இட்ட ஒரு கல்லேயாகும்.