ஒத்தை வயல்காரரின் சிக்கல்

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சென்னையில் என் மகன் பழைய சாஃப்ட்வேருக்கு ஏபிஐ எழுதுகிறானாம். இருபது வருஷமாக ஓடுகிற ஒன்றுக்குப் புதிதாக என்ன எழுத வேண்டியிருக்கிறது?"

என் அப்பா வயலை மாக் கணக்கில்தான் சொல்வார். மூன்று மா ஒரு ஏக்கர். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். கூட்டுறவு சங்க எழுத்தர் கேட்பதோ ஏக்கர். நடுவில் நின்று மாற்றிச் சொன்னவன் நான். அப்பாவும் மாறவில்லை, பட்டாவும் மாறவில்லை, பயிர்க்கடன் வந்துவிட்டது. உங்கள் மகன் பார்ப்பது அந்த நடு ஆள் வேலைதான்.

வங்கிகளும் அரசுத் துறைகளும் அந்நாளில் கட்டிய சேவைகள் பலவும் சோப் என்ற முறையில், எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவில் பேசும். ஒரு பெயரைக் கேட்டாலும் உறைக்குள் போட்டுத்தான் தரும். இன்றைய செயலிகளுக்குச் சுருக்கமான ஜேசான் வடிவம் வேண்டும். நடுவில் நின்று ஒன்றை மற்றதாக மாற்றித் தருவதுதான் உங்கள் மகன் எழுதும் ஏபிஐ. எக்ஸ்எம்எல்லை ஏளனம் செய்ய வேண்டாம். 2016-ல் வந்த யுபிஐ வங்கிகளோடு பேசுவதும் அதில்தான்.

இந்த மாற்றும் வேலையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விசித்திரம் ஒன்று உண்டு. எக்ஸ்எம்எல்லில் பட்டியலுக்கென்று தனிக் குறி கிடையாது. ஒரே பெயர் அடுத்தடுத்து வந்தால் அதுதான் பட்டியல். நிலப் பதிவில் நான்கு புல எண் உள்ளவருக்கு 'புலம்' நான்கு முறை வரும். தானியங்கி மாற்றுக் கருவியும் அதைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும். ஒத்தை வயல்காரருக்கு ஒரு முறைதான் வரும். கருவி அதை ஒற்றைப் பொருளாக அனுப்பிவிடும். பட்டியலுக்குக் காத்திருக்கும் செயலி கையை விரித்துவிடும்.

எங்கள் தெருச் சித்தப்பா ஒருவருக்குப் போன சம்பாவில் இதுதான் நடந்தது. அரை ஏக்கர், ஒரே புல எண். செயலி 'விவரம் இல்லை' என்றது. நாலு வயல் வைத்திருந்த அவர் அண்ணனுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. நிலமே கைவிட்டுப் போய்விட்டதோ என்று இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இத்தனைக்கும், பழைய சேவையோடு வரும் விஸ்டில் என்ற விவரக் கோப்பிலேயே 'இது எத்தனை முறையும் வரலாம்' என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கத்தான் ஆளில்லை. கருவியில் போட்டு அரைத்து எடுத்து, நாலைந்து வயல் உள்ள பதிவை வைத்துச் சோதித்துவிட்டு முடிந்தது என்கிறார்கள். தலைமடையில் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பாசனம் முடிந்தது என்று எழுதுவதை நம் ஊரில் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

துறைகள் தங்கள் சேவைகளை ஏபிஐ வழியே திறக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015-லேயே கொள்கை வகுத்துவிட்டது. இங்கே பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருளும் வருவாய்த்துறையின் தமிழ்நிலமும் இணைக்கப்பட்டதால், உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களுக்குப் பட்டா தானாகவே மாற வழி பிறந்திருக்கிறது. நல்ல காரியம்; ஆனால் ஒத்தை வயல்காரர் விடுபட்டுவிடக் கூடாது.

அம்மா, மகன் பொங்கலுக்கு வரும்போது ஒன்று சொல்லுங்கள்: முதல் சோதனையை ஒத்தை வயல்காரரின் பதிவை வைத்துச் செய்யட்டும்.