கறுத்த மலம் தரும் எச்சரிக்கை: இரைப்பை ரத்தக்கசிவை முன்கூட்டியே கண்டறிவது எப்படி?

ரத்த வாந்தி எடுப்பவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல எந்தக் குடும்பமும் தயங்குவதில்லை. ஆனால், மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாகவும் கடும் துர்நாற்றத்துடனும் வெளியேறினால், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் இருந்துவிடுகின்றனர். உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றில் ஏற்படும் ரத்தக்கசிவின் முக்கிய அறிகுறி இது. கசிந்த ரத்தம் குடல் வழியே செல்லும்போது சிதைந்து கறுத்துவிடுகிறது. இதற்கு 50 முதல் 100 மில்லி லிட்டர் ரத்தமே போதும். காப்பித்தூள் கலந்தது போன்ற வாந்தியும் இதே எச்சரிக்கைதான்.

இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்வோருக்கும் மலம் கறுக்கும். எனினும் அதில் தார் போன்ற பிசுபிசுப்போ அந்தத் துர்நாற்றமோ இருப்பதில்லை. ரத்தசோகைக்காக இம்மாத்திரை பரவலாக வழங்கப்படும் நம் நாட்டில் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

ஹெலிகோபாக்டர் பைலோரி எனும் பாக்டீரியாவும், வலி நிவாரணி மாத்திரைகளும் உண்டாக்கும் குடற்புண்ணே இதற்குப் பெரும்பாலும் காரணம். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி உண்போரும், ஆஸ்பிரின் எடுத்துக்கொள்ளும் இதய நோயாளிகளும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் புடைத்து வெடிக்கக்கூடும். அது உடனடியாக உயிரைப் பறிக்கவல்லது.

நோயறிதலில் ஒரு பொறியும் உண்டு. ரத்தக்கசிவு தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் அளவு இயல்பாகவே இருக்கலாம். சிவப்பணுக்களும் பிளாஸ்மாவும் ஒரே விகிதத்தில் வெளியேறுவதே காரணம். உடலின் பிற பகுதிகளிலிருந்து நீர் ரத்தத்தில் சேர்ந்த பிறகே அந்த அளவு குறைகிறது. எனவே, முதல் பரிசோதனை முடிவைக் கண்டு நிம்மதி அடைவது தவறு. நாடித்துடிப்பு அதிகரிப்பதும், எழுந்து நிற்கையில் தலைசுற்றுவதும் அதற்கு முன்பே தென்படலாம். ரத்தத்தில் யூரியா உயர்வதும் ஒரு தடயம். குடலில் சேர்ந்த ரத்தத்தின் புரதம் செரிப்பதால் இது நிகழ்கிறது.

இவற்றைக் கணக்கிட்டு நோயாளியின் அபாயத்தை மதிப்பிட கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்டு மதிப்பெண் முறை பயன்படுகிறது. 0 அல்லது 1 பெறுவோரைப் பொதுவாக வீட்டுக்கு அனுப்பலாம். மற்றவர்களுக்கு ரத்த அழுத்தத்தைச் சீராக்கிய பின், 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது. மிகவும் அவசரப்படுவதாலும் பயனில்லை. 2020-இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், அதிக அபாயம் கொண்ட 516 நோயாளிகளில், 6 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்தும் உயிரிழப்பு குறையவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த பிறகான சில மணி நேரத்தைவிட, கறுத்த மலத்தைப் பொருட்படுத்தாமல் வீட்டில் கழியும் நாட்களே ஆபத்தானவை.