பிள்ளைக்கு மடிக்கணனியா? பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்!

பரீட்சை முடிந்ததும் இன்றைய பிள்ளைகள் கேட்பது மடிக்கணனியைத்தான். படிப்பதற்கென்று கேட்டாலும், அதில் 'கேம்' விளையாடவும் வேண்டும் என்ற ஆசை அவர்களது உள்ளத்தில் இருப்பது தாய்மார்களுக்குத் தெரியாததல்ல. 'கேமிங் லெப்டொப்' என்று தனியாக விற்கப்படுபவற்றின் விலையோ நடுத்தரக் குடும்பத்தின் கையைக் கடிக்கும். அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சாதாரண மடிக்கணனியிலேயே பல விளையாட்டுகளை நன்றாக விளையாடலாம். ஆனால், சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு வீணாகாமலிருக்க நீங்கள் சில விடயங்களை அறிந்திருக்க வேண்டும்.

சொந்த நினைவகம் இல்லை

கணனியின் மூளை புரொசெசர். திரையில் அசையும் காட்சிகளை வரைவது கிராபிக்ஸ் பகுதி. விலை கூடிய கேமிங் கணனியில் இது தனிச் சில்லாக, தனக்கென்று நினைவகத்துடன் இருக்கும். சாதாரண மடிக்கணனியில் அது புரொசெசருக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதற்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணனியின் 'ரெம்' நினைவகத்திலேயே அதுவும் பங்கு கேட்கும். சொந்த அம்மி இல்லாதவர் பக்கத்து வீட்டு அம்மியில் அரைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பெயர் ஒன்று, உள்ளே வேறு

கடைக்காரர் "ரைசன் 5" என்றோ "ஐ7" என்றோ சொன்னவுடன் திருப்திப்பட்டு விடாதீர்கள். முழு இலக்கத்தையும் கேளுங்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 வரிசையில் 7520யூ, 7530யூ, 7640யூ என்று மூன்று உள்ளன. பெயர் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் கிராபிக்ஸ் அலகுகள் 2 மட்டுமே. இரண்டாவதில் 7. மூன்றாவதில் 8, அவையும் புதிய தலைமுறையைச் சேர்ந்தவை. இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைக் கவனியுங்கள். அது 2 என்றால் உள்ளமைப்பு பழையது. 4 என்றால் புதியது.

விலை கூடியதெல்லாம் சிறந்தது என்பதும் இல்லை. இன்டெலின் ஐ9-13980எச்எக்ஸ் புரொசெசரில் 32 கிராபிக்ஸ் அலகுகளே உள்ளன. அதைவிடக் கீழ்ப்படியிலுள்ள ஐ5-1340பீ-யில் 80 உள்ளன. காரணம், முன்னையது தனிக் கிராபிக்ஸ் சில்லுடன் சேர்ந்து இயங்குவதற்கென்றே தயாரிக்கப்பட்டது.

எதற்கு எது போதும்?

மைன்கிராஃப்ட், வெலொரன்ட், ரொக்கட் லீக் போன்றவற்றுக்கு 2020 இல் அறிமுகமான இன்டெலின் 'ஐரிஸ் எக்ஸ்ஈ' போதும். ஃபோர்ஸா ஹொரைசன் 5 போன்ற கார்ப் பந்தயங்களை, காட்சித் தரத்தைச் சற்றுக் குறைத்து விளையாட, ஏ.எம்.டி.யின் 'ரேடியன் 680எம்' (2022), '780எம்' (2023) ஆகியவை ஏற்றவை. 2023 டிசம்பரில் வந்த இன்டெல் 'கோர் அல்ட்ரா' வரிசையில் 'ஆர்க்' என்ற பெயருள்ள கிராபிக்ஸும் அவ்வாறே. புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளை முழுத் தரத்தில் விளையாட இவற்றாலும் முடியாது. இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி விடுங்கள்.

ரெம் ஒன்றா, இரண்டா?

பலர் கவனிக்காதது இதுதான். 3200 வேகமுள்ள டி.டி.ஆர். 4 ரெம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிகாபைட் தரவே செல்லும். இரண்டு இருந்தால் 51.2 ஆகும். கிராபிக்ஸும் இதிலேயே தங்கியிருப்பதால் விளையாட்டின் வேகம் வெகுவாக மாறும். ஒற்றை ரெம் பூட்டினால் 'ஐரிஸ் எக்ஸ்ஈ' என்ற பெயரே மறைந்து 'யூ.எச்.டி.' என்று காட்டும். ஆகவே 8 ஜிகாபைட் ஒன்றைவிட, 8 வீதம் இரண்டாக 16 இருப்பது மேல். சில மெல்லிய கணனிகளில் ரெம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட முடியாது. அவற்றை வாங்கும்போதே 16 உள்ளதாக வாங்குங்கள்.

கடையில் செய்ய வேண்டியது

விண்டோஸ் கணனியை இயக்கச் சொல்லி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'பெர்ஃபோமன்ஸ்' பகுதியைத் திறந்தால் புரொசெசரின் முழுப் பெயர், கிராபிக்ஸின் பெயர், ரெம் அளவு எல்லாம் தெரியும். பாவித்த கணனி வாங்குவோருக்கு இது மிகவும் அவசியம். புரொசெசரின் முழு இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வாங்கிய பின் மெத்தையிலோ தலையணையிலோ வைத்து விளையாட விடாதீர்கள். காற்றுத் துளைகள் அடைபட்டால் சூடேறி, புரொசெசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கடைக்குப் போகுமுன் மகனையோ மகளையோ அருகில் இருத்தி, எந்தெந்த விளையாட்டு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் சிறிதாக இருந்தால் செலவும் சிறிதாகவே முடியும்.