நீலகிரித் தேயிலைத் தொழிலகங்களுக்கு ஏற்ற வலையமைப்பு வருடல் மென்பொருள்கள்: தேர்வு அளவுகோல்கள்

ஆய்வுச் சுருக்கம்
வலையமைப்பில் இணைந்துள்ள சாதனங்களையும் அவற்றின் பாதுகாப்புக் குறைகளையும் கண்டறிவதே வருடல். வருடல் மென்பொருள்களுள் எது சிறந்தது என்பதைவிட, எது எவ்விடத்திற்குப் பொருந்தும் என்பதே நிறுவனங்கள் எழுப்ப வேண்டிய வினா என்பதை நீலகிரித் தேயிலைத் தொழிலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வலையமைப்பு வருடல், போர்ட், தேயிலை ஆலை, மின்னணு ஏலம், தகவல் பாதுகாப்பு.

முன்னுரை
குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ட்கோசர்வ் கூட்டமைப்பில் 16 கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் உள்ளன. 1963இல் தொடங்கிய குன்னூர் ஏலம் இன்று மின்னணு முறையில் நடைபெறுகிறது. இத்தகைய தொழிலில் பசுந்தேயிலை எடைக்கணக்கு சிதைந்தாலும், ஏல நாளில் இணைப்பு அறுந்தாலும், இழப்பு இறுதியில் சிறு விவசாயியைச் சென்றடையும்.

1. மென்பொருள் வகைகள்
1997இல் கார்டன் லயன் வெளியிட்ட என்மேப், எந்தச் சாதனம் இயங்குகிறது, அதில் எந்தப் போர்ட் திறந்துள்ளது என்பவற்றைக் காட்டும். நெசஸ், ஓபன்வாஸ் ஆகியவை ஒருபடி மேலே சென்று, அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளைச் சோதிக்கும். 2005இல் நெசஸ் மூடிய மென்பொருளானபோது, அதன் திறந்த மூலநிரலிலிருந்து ஓபன்வாஸ் கிளைத்தது. மூன்றாம் வகை எதையும் அனுப்பாது; கடந்துசெல்லும் தரவுப் போக்குவரத்தை மட்டும் கவனிக்கும்.

2. இடவமைப்பு
உள்ளூர் வலையமைப்பில் சாதனங்களைத் தவறவிடாமல் கண்டறியும் வழி ஏ.ஆர்.பி. வினவல். அது திசைவியைக் கடந்து செல்லாது. எனவே குன்னூர் அலுவலகத்தில் அமர்ந்து கோத்தகிரி ஆலையை வருடினால், தீச்சுவர் மறைக்கும் சாதனங்கள் பட்டியலில் விடுபடக்கூடும். ஆலைதோறும் ஒரு சிறு கணினியில் வருடலை நிகழ்த்தி, முடிவுகளை மட்டும் தலைமையகத்திற்கு அனுப்புவது பொருத்தமானது. இதனால் மலைப்பகுதி இணைப்பின் சுமையும் குறையும். காலமும் கருதத்தக்கது: பிழைச்செய்தியை நொடிக்கு ஒன்றாக வரையறுக்கும் லினக்ஸ் கணினியில் 65,536 யு.டி.பி. போர்ட்டுகளையும் சோதிக்க 18 மணிநேரத்திற்கு மேல் ஆகும். தேவையான போர்ட்டுகளைத் தெரிந்தெடுக்க இயலும் மென்பொருளே உதவும்.

3. ஆலைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள்
அலுவலகக் கணினி தாங்கும் வருடலைப் பழைய பி.எல்.சி. கட்டுப்படுத்தி தாங்காமல் நின்றுவிடலாம். உலர்த்தி அத்தகைய கட்டுப்படுத்தியால் இயங்குமாயின், உற்பத்தியின் நடுவே நேரும் தடை அன்றைய தேயிலையின் தரத்தையே கெடுக்கும். எனவே அலுவலகக் கணினிகளுக்கு உள்நுழைவுச் சான்றுடன் கூடிய ஆழ்ந்த வருடலும், இயந்திரப் பகுதிக்குக் கவனித்தல் முறையும் ஏற்றவை. இயந்திரப் பகுதியை நேரடியாக வருடியே தீர வேண்டுமெனில், ஆலை ஓய்ந்திருக்கும் வேளையில் மெதுவாகச் செய்தல் வேண்டும்.

4. சட்ட வரம்பு
தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினி வலையமைப்பை அணுகுவோரைப் பொறுப்பாக்குகிறது. ஆகவே எழுத்துவழி ஒப்புதல் முதற்படியாகும். செர்ட்-இன் அமைப்பின் 28.04.2022 நாளிட்ட ஆணை, இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணிநேரத்திற்குள் தெரிவிக்கவும், பதிவுகளை 180 நாள் பேணவும் கோருகிறது. தன்னிடமுள்ள சாதனங்களின் பட்டியலே இல்லாத நிறுவனம் இக்காலவரம்பைக் கடைப்பிடிப்பது அரிது.

முடிவுரை
விலையும் வசதிப் பட்டியலும் தேர்வின் இறுதிப் படிகளே. சாதனங்கள் எங்குள்ளன, எவ்வளவு தாங்கும், முடிவுகளைப் படித்துச் செயற்படுபவர் யார் என்னும் வினாக்களே முன்நிற்க வேண்டும். மூன்றாம் வினாவிற்கு விடை இல்லையெனில், எந்த மென்பொருளும் படிக்கப்படாத அறிக்கைகளையே குவிக்கும். என்மேப்பைக் கொண்டு முழுமையான சாதனப் பட்டியலை உருவாக்குவதே சிறிய ஆலைகளுக்கு உகந்த தொடக்கமாகும்.