தென்காசிச் சந்நிதித் தெரு

வடகரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நம்மவர் கண்ணுக்குத் தொலைவிலேயே புலப்படுவது விசுவநாதர் கோயிற் கோபுரமாம். அதன் அடியில் கிழக்கு நோக்கி நீண்டிருப்பதே சுவாமி சந்நிதித் தெரு. குற்றாலத்தில் நீராடித் திரும்புவோர் பலரும் இங்கு வந்து கூடுதலால், சாரற் காலத்தில் இத்தெருவில் நெருக்கமின்றி நடத்தல் அரிது.

மதுரையை இழந்த பாண்டியர் தென்காசியில் அரசு செலுத்திய காலத்தே, பராக்கிரம பாண்டியன் 1446ஆம் ஆண்டில் இக்கோயிற்பணியைத் தொடங்கினான். கோபுரத்தை முடித்தவன் அவன் தம்பி குலசேகரன் என்பர். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று கோபுர வாயிலில் ஒடுங்கி விசை பெறுதலின், உட்புகுவோர் மேலாடையை இறுகப் பற்றிக்கொள்வர். இதனை அநுபவியாத மாணவர் ஒருமுறை சென்று பார்ப்பாராக.

1924ஆம் ஆண்டில் அக்கோபுரம் தீயினாற் சிதைந்தது. பின்னர் அறுபத்தாறு ஆண்டுகள் இத்தெருவார்க்கு அது மொட்டைக் கோபுரமே. பிற்காலத்தில் இக்கோயிற்குக் குறை நேரின் அதனைத் திருத்துவோர் தாளில் விழுந்து வணங்குவதாகப் பராக்கிரமன் கல்லில் எழுதுவித்திருந்தான். அரசன் ஒருவன், தான் காணப்போகாத மாந்தரிடம் இங்ஙனம் இரந்து நிற்றல் எம்மை மிக உருக்குவது. ஆயினும் அவ்வெழுத்தை நாள்தோறும் கடந்து சென்றும், நிறைந்த கோபுரத்தைக் காணாமலே மறைந்த முதியோர் இத்தெருவில் அநேகர். 1990ஆம் ஆண்டிலேயே ஒன்பது நிலையும் மீண்டும் எழுந்து குடமுழுக்கு நிகழ்ந்தது.