இளஞ்சிறாரும் இருமொழிக் கல்வியும்

சிறு குழந்தையின் உள்ளம் எத்தனை மொழிகளைத் தாங்கவல்லது என்னும் வினா, பெற்றோரையும் ஆசிரியரையும் நெடுங்காலமாக அலைக்கழித்து வருவதொன்றாகும். உள்ளத்தை ஒரு கலமாகவும் மொழியை அதனுள் ஊற்றப்படும் நீராகவும் கருதுவோர், ஒரு மொழி புகப்புக மற்றையது வழிந்தோடிவிடும் என அஞ்சுவர். இவ்வச்சத்துக்கு ஆய்வாளரும் ஒருகாலத்தில் ஆதரவளித்தனர். வேல்ஸ் நாட்டுச் சிறாரைச் சோதித்துச் சேயர் என்பார் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நாட்டுப்புறத்து இருமொழிச் சிறார் ஒருமொழிச் சிறாரினும் நுண்மதிச் சோதனையிற் பின்தங்கினர் எனக் கூறிற்று. நகர்ப்புறச் சிறாரிடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்பதும் அதே ஆய்விற் கண்டதேயாயினும், பலரும் முன்னதை நினைவிற்கொண்டு பின்னதை மறந்தனர். இக்கருத்தை அசைத்த பரிசோதனைகளுட் சிறந்ததொன்று, கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில், ஒரு பாலர் வகுப்பிலே தொடங்கிற்று. அவ்வகுப்பின் வரலாறும், அது கற்பித்த பாடமும், அப்பாடம் செல்லுபடியாகாத இடமும் கல்வித் துறையில் ஈடுபட்டோர் அறியத்தக்கன.

கனடாவிலே பிரெஞ்சும் ஆங்கிலமும் அருகருகே வழங்கத் தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகின்றன. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையினாற் பிரெஞ்சுக் குடியேற்றம் பிரித்தானியர் வசமாயிற்று. எனினும் ஆங்கு வாழ்ந்த மக்கள் தம் மொழியைக் கைவிட்டாரல்லர். 1867ஆம் ஆண்டின் அரசியற் சட்டம் மத்திய பாராளுமன்றத்திலும் கியூபெக் சட்டசபையிலும் இரு மொழிகளுக்கும் இடமளித்தது. ஆயினும் கல்வி மாகாணங்களின் பொறுப்பாகவே விடப்பட்டது. இதன் விளைவாக, பிரெஞ்சு மக்கள் சிறுபான்மையினராக வாழ்ந்த மாகாணங்களில் அவர்தம் மொழிக்கு நெருக்கடி நேர்ந்தது. ஒன்ராறியோ மாகாணம் 1912இல் வெளியிட்ட 17ஆம் இலக்கப் பிரமாணம், பிரெஞ்சு மொழிமூலக் கல்வியைப் பாடசாலையின் முதலிரு ஆண்டுகளுக்குள் அடக்க முற்பட்டது. மனிற்றோபா மாகாணம் 1916இல் இருமொழிப் பாடசாலைகளை ஒழித்தது. கியூபெக்கிலோ நிலைமை வேறு. அங்கு மக்களுட் பெரும்பாலார் பிரெஞ்சு பேசுவோர். வாணிபமும் பெருந்தொழிலும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் கையிலிருந்தன. 1960ஆம் ஆண்டளவில் தொடங்கிய சமுதாய மாற்றம் இந்நிலையை அசைத்தது. பிரெஞ்சு மொழி அறியாதார்க்கு அம்மாகாணத்தில் இனி நல்வாழ்வு அரிது என்பதை ஆங்கிலம் பேசும் பெற்றோர் உணரலாயினர்.

அவர்தம் பிள்ளைகள் பிரெஞ்சு கற்காதவரல்லர். ஆங்கிலப் பாடசாலைகளில் அது ஒரு பாடமாக நாடோறும் சிறிது நேரம் கற்பிக்கப்பட்டே வந்தது. சொற்பட்டியல்களை மனனஞ் செய்தனர், வினைமுற்று வாய்பாடுகளை ஒப்புவித்தனர், பரீட்சையிலும் தேறினர். ஆயினும் பாடசாலையை விட்டு நீங்கும்போது, அயல்வீட்டாரோடு இயல்பாக உரையாட அவருட் பலரால் இயலவில்லை. அக்காலத்துப் பாடசாலைகள் சமய அடிப்படையில் வகுக்கப்பட்டிருந்தமையால், ஆங்கிலம் பேசும் புரட்டஸ்தாந்தச் சிறாரும் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கச் சிறாரும் ஒரே ஊரிற் பிறந்தும் ஒரே வாங்கில் அமர்ந்தாரல்லர்.

மொன்றியல் நகருக்கு எதிரே, சென் லோறன்ஸ் நதியின் மறுகரையில், செயின்ற் லாம்பேட் என்னும் ஊர் உளது. அவ்வூர்ப் பெற்றோர் சிலர் 1963ஆம் ஆண்டிற் கூடி, தம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மொழியைக் கற்பிப்பதை விடுத்துப் பிரெஞ்சு மொழியினாற் கற்பிக்கவேண்டும் எனக் கேட்கலாயினர். மக்கில் பல்கலைக்கழகத்து உளவியற் பேராசிரியர் வலஸ் லாம்பேட் அவர்களுக்குத் துணைநின்றார். ஊரின் பெயரும் அறிஞரின் பெயரும் ஒத்திருத்தல் தற்செயலேயாகும். பாடசாலைச் சபை எளிதில் இணங்கவில்லை. இரண்டாண்டு முயற்சியின் பின், 1965ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், 26 பிள்ளைகளைக்கொண்ட பாலர் வகுப்பொன்று பரிசோதனையாகத் தொடங்கப்பட்டது.

அவ்வகுப்பின் நடைமுறை எளிமையானது. ஆசிரியை பிரெஞ்சைத் தாய்மொழியாக உடையவர்; வகுப்பில் அம்மொழியையே பேசினார். பிள்ளைகள் தொடக்கத்தில் ஆங்கிலத்திற் பேசினாற் கண்டிக்கப்படவில்லை; ஆசிரியை அதனைப் புரிந்துகொண்டு பிரெஞ்சில் விடையிறுத்தார். மேலங்கியைக் கழற்றி மாட்டுதல், வண்ணந் தீட்டுதல், பாடுதல், எண்ணுதல் என்னும் அன்றாடச் செயல்களோடு சொற்கள் ஒட்டிவந்தன. சொல்லுக்குப் பொருள் அகராதியினின்றும் வரவில்லை. கையிலிருந்த பொருளினின்றும் செய்யும் செயலினின்றும் வந்தது. முதலாம் வகுப்பில் எழுத்தும் வாசிப்பும் கணிதமும் பிரெஞ்சிலேயே கற்பிக்கப்பட்டன. இரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் நாடோறும் சிறிது நேரம் இடம்பெற்றது. பின்னர் ஆண்டுதோறும் ஆங்கிலத்தின் பங்கு கூடி, ஆரம்பக் கல்வியின் முடிவிற் பாதியளவை எட்டிற்று. நீந்தக் கற்போன் நீரில் இறங்குதல்போல மொழியினுள் இறங்கிக் கற்றலின், இதனை மூழ்கல் முறை என அழைக்கலாயினர்.

பெற்றோர் மகிழ்ந்தனராயினும் அஞ்சவுஞ் செய்தனர். தாய்மொழியில் வாசிக்கக் கல்லாத பிள்ளை என்னாகும்? கணிதம் பழுதுறாதா? லாம்பேட்டும் அவருடன் ஆய்ந்த ரிச்சட் ரக்கரும் இப்பிள்ளைகளை, ஆங்கில மொழிமூலமே கற்ற பிள்ளைகளோடும், பிரெஞ்சுப் பாடசாலைப் பிள்ளைகளோடும் ஆண்டுதோறும் ஒப்பிட்டுச் சோதித்தனர்; 1972இல் முடிபுகளை நூலாக வெளியிட்டனர். முதலாம் வகுப்பின் முடிவில் ஆங்கில வாசிப்பிலே பின்னடைவு காணப்பட்டது. ஆங்கிலப் பாடம் தொடங்கிய சிறிது காலத்துள் அப்பின்னடைவு மறைந்தது. கணிதம் பழுதுறவில்லை. பிரெஞ்சு மொழியிலோ, அதனைத் தனிப் பாடமாகக் கற்றாரினும் அப்பிள்ளைகள் மிக முன்னேறி நின்றனர். கேட்டுணரும் ஆற்றலிற் பிரெஞ்சுப் பிள்ளைகளை அணுகினர்.

இதற்குக் காரணம் யாது? லாம்பேட், எலிசபெத் பீல் என்பாரோடு சேர்ந்து 1962இல் வெளியிட்ட முன்னைய ஆய்வொன்று ஈண்டு ஒளிதருவதாகும். மொன்றியலில் 10 வயதுப் பிள்ளைகளைச் சோதித்த அவர்கள், குடும்பத்தின் பொருளாதார நிலை ஒத்திருக்குமாறு கவனித்து ஒப்பிட்டனர். முன்னைய ஆய்வுகள் பலவற்றில் விடுபட்டது இக்கவனமே. அங்ஙனம் ஒப்பிட்டபோது இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. சொல்வழிச் சோதனையிலும் சொல்சாராச் சோதனையிலும் முந்தியே நின்றனர். பின்னர் ஜிம் கமின்ஸ் என்னும் அறிஞர் காரணத்தை மேலும் தெளிவுபடுத்தினார். இரு மொழிகளும் மேற்பரப்பில் வேறுபட்டுத் தோன்றினும், அடியில் அவற்றைத் தாங்கும் அறிவாற்றல் ஒன்றே. எழுத்து ஒலியைக் குறிப்பதென்பதை ஒரு மொழியில் உணர்ந்த பிள்ளை மறுமொழியில் அதனை மீண்டும் உணரவேண்டியதில்லை. வாசிக்கக் கற்றல் ஒருமுறையே நிகழும். கூட்டல் கழித்தலின் தத்துவமும் அவ்வாறே. எனவே உள்ளத்தைக் கலமெனக் கொண்ட உவமையே பொருந்தாததாயிற்று.

எனினும் இம்முறைக்கும் குறைகள் உள. கேட்டலிலும் வாசித்தலிலும் பிரெஞ்சுப் பிள்ளைகளை அணுகிய மாணாக்கர், பேச்சிலும் எழுத்திலும் அவர்களை எட்டவில்லை. பாலும் எண்ணும் காலமும் பிழைபட்டன. மெரில் சுவெயின் என்னும் ஆய்வாளர் 1985இல் இதற்கு விளக்கங் கூறினார். வேண்டிய அளவு கேட்டல் மட்டும் போதாது. தன் கருத்தை முற்றாகவும் பிழையின்றியும் வெளியிடுமாறு மாணாக்கன் தூண்டப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அன்றியும், வகுப்பில் அமர்ந்தோர் யாவரும் ஆங்கிலம் பேசுவோராதலின், விளையாட்டிடத்திற் பிரெஞ்சு ஒலிக்கவில்லை. மொழியை ஆசிரியையிடம் பெற்றனர், தோழரிடம் பெற்றாரல்லர். ஆயினும் இக்குறைகள் முறையின் பரவலைத் தடுக்கவில்லை. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தின் பின் அது நாடெங்கும் பரவி, இந்நூற்றாண்டில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணாக்கரைக் கொண்டதாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகின்றது. வேற்றுமொழியில் மூழ்கிய பிள்ளைகள் நலமே கற்றனரெனின், எந்தப் பிள்ளையையும் எந்த மொழியிலும் மூழ்கச் செய்யலாமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். செயின்ற் லாம்பேட் பிள்ளைகளின் நிலையை உற்றுநோக்கின் விடை புலப்படும். அவர்களது தாய்மொழி வட அமெரிக்கக் கண்டம் முழுவதும் ஆட்சி செலுத்திய ஆங்கிலம். வீட்டிலும் வீதியிலும் நூலிலும் வானொலியிலும் அது அவர்களைச் சூழ்ந்திருந்தது; இரண்டாம் வகுப்பு முதல் பாடசாலையும் அதனைக் கற்பித்தது. அதனை அவர்கள் இழக்குமாறில்லை. ஆதலாற் பிரெஞ்சு அவர்களுக்கு மேலதிக வரவாயிற்று. லாம்பேட் இதனைக் கூட்டல் நிலை என்றார். தாய்மொழி மதிப்பிழந்து நிற்க, வலிய மொழியொன்று அதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளின் அது கழித்தல் நிலையாகும். 17ஆம் இலக்கப் பிரமாணத்தின்கீழ் ஒன்ராறியோவின் பிரெஞ்சுப் பிள்ளைகள் ஆங்கிலத்தினுள் இறக்கப்பட்டமை கூட்டலுக்காக அன்று. வேற்றுமொழி மூலம் கற்பித்தல் என்னும் செயல் ஒன்றே; விளைவு இரண்டு. 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம், பிரெஞ்சு, ஆங்கிலச் சிறுபான்மையினர்க்குத் தத்தம் மொழிவழிப் பாடசாலை உரிமையை உறுதிசெய்ததன் கருத்தும் இதுவே.

இரு மொழிகளுள் எதனையும் வீட்டுமொழியாகக் கொள்ளாத பிள்ளைகளின் நிலை இன்னும் நுட்பமானது. கியூபெக் 1977இல் இயற்றிய 101ஆம் இலக்கச் சட்டம், குடியேறி வந்தோரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைகளிலேயே சேரவேண்டுமென விதித்தது. அதனால் மொன்றியலின் ஆரம்ப பாடசாலைகள் பல இனத்தாரும் பல மொழியாரும் கூடும் இடங்களாயின. 1983ஆம் ஆண்டின் பின் இலங்கையினின்றும் சென்று அந்நகரிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவ்வகுப்புகளில் அமர்ந்தனர். வீட்டிலே தமிழ், வகுப்பிலே பிரெஞ்சு, வெளியிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம் என மும்மொழிச் சூழலில் அவர்கள் வளரலாயினர். புதிதாக வருவோர்க்கெனத் தனி வரவேற்பு வகுப்புகள் அமைக்கப்பட்டு, பிரெஞ்சு மொழியிற் பயிற்சி அளித்தபின் பொது வகுப்புகளில் அவர்கள் சேர்க்கப்பட்டனர்.

இத்தகைய வகுப்பில் ஆசிரியர் தவறக்கூடிய இடம் ஒன்று உளது. குடியேறிய பிள்ளைகளைப் பற்றிக் கமின்ஸ் 1981இல் வெளியிட்ட ஆய்வு, அன்றாட உரையாடலில் அவர்கள் ஏறத்தாழ இரண்டாண்டில் தேர்ச்சியடைகின்றனர் என்றும், பாடநூல் மொழியில் ஏனையோருக்கு ஒப்பாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்கின்றன என்றும் காட்டிற்று. இடைப்பட்ட காலத்திற் பிள்ளை சரளமாகப் பேசும். ஆயினும் பாடத்திற் பின்தங்கும். பேச்சைக் கேட்டோர் மொழிக்குறை நீங்கிற்றென எண்ணி, குறையைப் பிள்ளையின் மதியில் ஏற்றிவிடுவர். நுண்மதிச் சோதனையும் அந்த அரைகுறை மொழியிலேயே நடத்தப்படின் தீர்ப்பு உறுதியாகிவிடும். பாட்டனாரிடம் கதை கேட்டு, அதன் முற்பகுதி கொண்டு பிற்பகுதியை ஊகித்துரைக்கவல்ல சிறுமி, வகுப்பில் வினாவுக்கு விடையிறாது நின்றால், அவளிடம் அறிவு இல்லையென்பது பொருளன்று. அறிவு வேறொரு மொழியில் இருக்கின்றது என்பதே பொருள். மந்தமென ஒருமுறை பதியப்பட்ட பெயர் எளிதில் அழிவதன்று.

பிறிதோர் இழப்பும் நேர்தல் கூடும். வீட்டில் தாய்மொழி பேசுதல் படிப்பைக் கெடுக்குமெனப் பெற்றோருக்கு ஆலோசனை கூறுவோர் உளர். அதனை ஏற்ற பெற்றோர், தாம் செவ்வையாக அறியாத மொழியிற் பிள்ளையோடு பேசத் தொடங்குவர். அப்பொழுது உரையாடல் கட்டளையளவிற் சுருங்கும். கதையும் காரணமும் நீங்கும். பிள்ளை வளமான மொழியை இழந்து வறிய மொழியைப் பெறும்; பாட்டனாரும் பேத்தியும் ஒரு கூரையின்கீழ் இருந்தும் ஒருவர்க்கொருவர் பேசமாட்டாதவராவர். அடித்தளம் ஒன்றே என்னும் கொள்கை உண்மையெனின், தமிழிற் கேட்ட கதையும் பிரெஞ்சு வாசிப்புக்கு உரமாதல் வேண்டும். இதனை உணர்ந்தே ஒன்ராறியோ 1977இல் மரபுமொழி வகுப்புகளுக்கு நிதியளிக்கத் தொடங்கிற்று. தமிழும் அங்குக் கற்பிக்கப்படும் மொழிகளுள் ஒன்றாயிற்று. கியூபெக் பாடசாலைகளிலும் வீட்டுமொழி வகுப்புகளுக்கு இடமளிக்கப்பட்டது.

ஆதலின், சிறு வயதில் இரு மொழி கற்றல் தீதோ நன்றோ எனப் பொதுப்பட வினவுதல் பயனற்றது. எப்பிள்ளைக்கு, எந்நிலையில் என வினவுதலே தக்கது. மொழியைப் பாடமாகக் கற்பதினும் கருவியாகக் கொண்டு பிற பாடங்களைக் கற்பதே சிறந்த வழி என்பதைச் செயின்ற் லாம்பேட் காட்டிற்று. தாய்மொழி உறுதியாக நிற்கும்போதே அவ்வழி நன்மை பயக்கும் என்பதைக் குடியேறினோரின் பிள்ளைகள் காட்டினர். முன்னையதை ஏற்றுப் பின்னையதை மறக்கும் பாடசாலை, ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிப்பதாகும். தாம் அறியாத மொழியொன்றில் மாணாக்கன் அறிந்தவை பல இருத்தல் கூடும் என்பதை ஆசிரியர் நினைவிற்கொள்வாராயின், இருமொழிக் கல்வியின் பெரும்பகுதி இடையூறு நீங்கும்.