பழைய கார்: திருத்துவதா, மாற்றுவதா?

வீட்டு முற்றத்தில் இருபது, இருபத்தைந்து வருடங்களாக நிற்கின்ற காருக்கு, கராஜிலிருந்து ஆறு இலட்சம் ரூபாவுக்கு ஒரு மதிப்பீடு வந்து சேருகின்ற நாளில், பல குடும்பங்களில் ஒரு வாக்குவாதம் தொடங்குகின்றது. இனியும் இதற்குள் பணத்தைக் கொட்டுவதா என்று பிள்ளைகள் கேட்கின்றனர். இதுபோன்ற இரும்பை இப்போது எங்கே காண முடியும் என்று தந்தை கேட்கின்றார். இரு தரப்பும் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகின்றனவே தவிர, கணக்குப் பார்ப்பது அரிதாகவே உள்ளது.

மேலைநாடுகளில் இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. திருத்தச் செலவு வாகனத்தின் சந்தை விலையில் பாதியைத் தாண்டுமாயின் அதைக் கைவிட்டு வேறொன்றை வாங்க வேண்டும் என்பதே அது. வாகனத்தின் விலை வருடாவருடம் சரிந்து செல்லும் நாடுகளில் இது பொருத்தமானதே. எமது நாட்டில் வாகன விலையைத் தீர்மானிப்பது அதன் வயது மட்டுமல்ல. டொலரும் திறைசேரியும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. இவ்விரண்டும் சேர்ந்ததனால், ஐந்தாறு வருடங்கள் ஓட்டிய காரை வாங்கிய விலையிலும் பார்க்கக் கூடிய விலைக்கு விற்கின்ற விசித்திரத்தை நாம் கண்டோம். தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் கதவு திறக்கப்பட்ட போதிலும், சுங்கத் தீர்வை, எஞ்சின் கொள்ளளவின்படி அறவிடப்படும் உற்பத்தி வரி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரி ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்பதனால் புதிய வாகனம் நடுத்தர வர்க்கத்தின் கைக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஆகவே, திருத்தச் செலவைப் பழைய காரின் விலையோடு ஒப்பிடுவதில் எமக்குப் பயன் குறைவு. மாற்று வாகனத்தை வாங்கினால் மாதாந்தம் எவ்வளவு செலவாகும் என்பதோடு ஒப்பிடுவதே முறை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பழைய கார் 35 இலட்சத்துக்கு விலைபோகும், மாற்று வாகனம் 80 இலட்சம் என்று வைத்துக்கொண்டால், இடைவெளி 45 இலட்சம். அதில் 15 இலட்சம் கைச் சேமிப்பு, மிகுதி 30 இலட்சம் லீசிங் என்க. வருட வட்டி 14 சதவீதம், ஐந்து வருடத் தவணை எனின், மாதக் கட்டணம் ஏறத்தாழ 70 ஆயிரம் ரூபா. அறுபது மாதங்களில் செலுத்துவது 42 இலட்சம். வட்டி மாத்திரம் 12 இலட்சம். இதற்கு மேலதிகமாக, லீசிங் நிறுவனங்கள் முழுமையான காப்புறுதியை வற்புறுத்துகின்றன. பழைய காரை மூன்றாந்தரப்புக் காப்புறுதியுடன் ஓட்டி வந்தவருக்கு இது புதிய சுமை. இவ்வாறு பார்க்கையில், பெருந்தொகையாகத் தோன்றிய ஆறு இலட்சம் ஒன்பது மாதத் தவணைக்குக்கூடக் காணாது. அச்செலவுக்குப் பின் கார் ஒன்றரை வருடம் சிக்கலின்றி ஓடினாலே போட்ட பணம் தேறிவிடும்.

எரிபொருள் மிச்சமாகுமே என்று சிலர் வாதிடுவர். அதையும் பார்ப்போம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் பழைய காரை விட்டு 18 கிலோமீற்றர் ஓடும் காருக்கு மாறுகின்ற ஓர் ஆசிரியர், மாதம் 800 கிலோமீற்றர் ஓடுவாராயின் 36 லீற்றர் மிச்சப்படுத்துவார். லீற்றர் 300 ரூபா என்று கொண்டால் அது 11 ஆயிரம் ரூபாவுக்கும் குறைவு. எழுபதாயிரம் ரூபாத் தவணைக்கு அது எம்மாத்திரம்? ஆனால், வாடகைக்கு ஓடுபவரின் நிலை வேறு. மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மிச்சம் ஏறத்தாழ 40 ஆயிரம் ரூபா. அத்துடன் கார் கராஜில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவரது அடுப்பு எரியாத நாள். ஒரே காருக்கு இரு வீடுகளில் இரு வேறு விடைகள் வருவதன் காரணம் இதுவே.

இனி, எந்தப் பழுது என்ற கேள்வி. எஞ்சின் பழுது என்றவுடன் கலங்குவோர் பலர். உண்மையில் எஞ்சின், கியர், பிறேக், சஸ்பென்ஷன் என்பன கழற்றி மாற்றத்தக்கவை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பழைய ஜப்பான் கார்களுக்கான பெரும்பாலான பாகங்கள் கிடைத்துவிடும். புகைக்குழாயே பாதி நோயைச் சொல்லிவிடும். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம். சூடேறிய பின்னரும் அடர்த்தியான வெள்ளைப் புகை நில்லாவிடின், குளிரூட்டும் நீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்புப் புகை எரிபொருள் மிகையாகச் செல்வதைக் காட்டும். இது பெரும்பாலும் சிறு செலவோடு தீரும். மதிப்பீட்டுக்கு இணங்கும் முன்னர் கொம்பிறெஷன் சோதனை ஒன்றைச் செய்யச் சொல்வது நல்லது. முழு எஞ்சினையே மாற்றுவோர், புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்ய மறக்கலாகாது. பதியாத எஞ்சின் பின்னர் விற்பனையின்போது பெருந்தலையிடியாகும்.

துரு அப்படியானதல்ல. கடற்காற்றுப் படும் ஊர்களில், மன்னாரிலும் காத்தான்குடியிலும் பருத்தித்துறையிலும், கார்கள் அடியிலிருந்தே அரிக்கப்படுகின்றன. மேலே பெயின்ற் பளபளக்கும். கீழே சஸ்பென்ஷன் பூட்டப்பட்ட உலோகம் பொரிந்து நிற்கும். அதற்கு ஒட்டுப் போடலாம், ஆயினும் மோதலின்போது தாங்க வேண்டிய பலம் திரும்பி வராது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவோடிரவாக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடும் காரில் இந்தக் குறை காணப்பட்டால், மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது.

ஹைபிரிட் கார்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2010 களின் முற்பகுதியில் வந்திறங்கிய பிறியஸ், அக்குவா கார்களின் பற்றரிகள் இப்போது முதுமை எய்தியுள்ளன. பிறியஸ் பற்றரித் தொகுதியில் 28 அலகுகளும் அக்குவாவில் 20 அலகுகளும் உண்டு. பழுதான ஒன்றிரண்டை மாத்திரம் மாற்றித் தருவதாகக் கூறுவோரிடம் செலவு குறைவுதான். ஆனால், ஏனைய அலகுகளும் அதே வயதினவாகையால் சில மாதங்களில் அடுத்தது படுத்துவிடும். காரை விற்கப் போகின்றவருக்கு அது போதுமாக இருக்கலாம், வைத்திருக்கப் போகின்றவருக்குப் போதாது. பின்னாசனத்துக்கு அருகிலுள்ள காற்றாடியில் தூசு அடைந்து பற்றரி சூடாகிச் சாவதும் உண்டு. அதைத் துப்புரவு செய்யச் சொல்லிக் கேட்போர் மிகச் சிலரே.

மாற்றுவது என்று முடிவெடுத்தவருக்கும் ஆபத்து இல்லாமலில்லை. தூரமானியைப் பின்னோக்கிச் சுழற்றுவது எமது சந்தையில் பழகிப்போன திருட்டு. ஜப்பானில் ஏலத்தில் விடப்பட்ட போது எழுதப்பட்ட தாளைக் கேட்டுப் பார்த்தால் உண்மைத் தூரம் தெரியவரும். பெயர் மாற்றம் செய்யாமல், கையொப்பமிட்ட பத்திரங்களோடு நாலு கை மாறி வருகின்ற வாகனத்தைத் தொடாதிருப்பதே உத்தமம். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இஜாரா முறை உள்ளது. எனினும் அங்கும் மாதக் கட்டணமும் ஒப்பந்த நிபந்தனைகளும் உண்டு. தவணை தவறினால் என்னவாகும் என்பதை வாசித்துவிட்டே ஒப்பமிட வேண்டும்.

பழைய காரின் மீதான பற்றை நாம் இகழவில்லை. 1990 இன் பின்னர் வடக்கில் எரிபொருளுக்குத் தடை நிலவிய வருடங்களில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களுமே யாழ். குடாநாட்டில் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தன. அவ்வாறான காரை விற்கச் சொன்னால் ஒரு முதியவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

இக்கட்டுரையாளரும் அந்த இனத்தைச் சேர்ந்தவரே. எனது பழைய ஜப்பான் காருக்கு ஒருமுறை மூன்று இலட்சத்துக்கு மேல் செலவிட்டு எஞ்சினைப் பிரித்துப் பூட்டினேன். எஞ்சின் தையல் இயந்திரம் போல ஓடியது. ஏழு மாதங்களின் பின்னர், வேறொரு கராஜில் ரயர் மாற்றக் காரை உயர்த்திய இளைஞன், கதவின் கீழ்ப்பகுதியில் திருப்புளியால் மெல்ல அழுத்தினான். அது பிடி வரை உள்ளே சென்றது. முதலில் பிரித்த இடத்தில் எவரும் காரின் அடியைப் பார்க்கவில்லை. பார்க்கும்படி நானும் கேட்கவில்லை. மூன்று இலட்சம் போட்டேனே என்று அதன் பின்னரும் நான்கு மாதங்கள் ஓட்டினேன். போட்ட பணம் எப்படியும் போனதுதான் என்பதை எனக்கு விளங்கவைத்தது மனைவிதான். அவர் அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டார். கடைசியில் ஓடும் காராக அல்லாமல், உதிரிப்பாகங்களுக்காகவே அதை விற்றேன். எஞ்சினுக்கு மட்டும் நல்ல விலை கிடைத்தது.